நாற்பத்தொன்றாம் வரிசை

பகாவில் இரவு பத்தரை.
அங்கே மாலை நாலரை.
அவர்கள் காப்பியோடு வருகிறார்கள்,
நான் கொசுவர்த்திச் சுருளோடு.

பதினோரு ஆண்டு கழித்து
அவர்கள் நிலத்தடியில் ஒரு வளையம் ஓடத் தொடங்கும்.
நொடிக்கு நாலு கோடி மோதல்.
ஆயிரத்தில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள முடியாது.
வைத்துக்கொள்வதை எங்கே வைப்பது என்பது
என் வேலை.

ஒரு விரிதாள், அறுபத்திரண்டு வரிசை.
வட்டு, நாடா, செயலி, மின்சாரம், குளிரூட்டி,
கேபிளுக்கு ஒரு வரிசை,
கேபிளை எலி கடிப்பதற்கு
நானாகச் சேர்த்த ஒரு வரிசை.
யாரோ சிரித்தார்கள்.
அவர்கள் ஊர் எலி
செம்பனைப் பழம் தின்று கொழுத்ததில்லை.

அன்றைக்கு ஒரு பெட்டாபைட் என்ன விலை விற்கும்?
ஆண்டுக்குப் பதினைந்து விழுக்காடு குறையும்
என்று எழுதியிருக்கிறோம்.
ஏன் பதினைந்து?
இருபது என்றவருக்கும் பத்து என்றவருக்கும் நடுவில்
ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

நாற்பத்தொன்றில்தான் சண்டை.
இடைச்சேமிப்பு.
கருவியிலிருந்து வந்து இறங்கும் தரவு
ஆள் வந்து கவனிக்கும்வரை படுத்துக்கிடக்கும் இடம்.
ஏழு நாளுக்குக் கேட்டேன்.
நிதிக்குழு இரண்டு என்றது.
"சராசரியைப் பாருங்கள்" என்றார் மத்தியாஸ்.
சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்தார்.

மறுநாள் மதியம் ஆலை வாசலில்
முப்பத்தொரு லாரி.
கடக்க வழியில்லாமல் மோட்டாரை ஓரங்கட்டினேன்.
எடைமேடைக் கூண்டுக்குள் புஷ்பவள்ளி,
ஐந்தாம் படிவம்வரை எனக்குப் பக்கத்து மேசை,
ஒரு காதில் போன்,
மறு காதில் லாரிக்காரன்.

"ராம்ப் நெறஞ்சிருச்சிலா.
ஒரு பாய்லர் காலையிலயே படுத்துருச்சி.
பழம் வெட்டி ஒரு நாள் தாண்டுனா அமிலம் ஏறும்,
எண்ணெய்க்கு வெலய வெட்டுவானுங்க.
மாசச் சராசரிய பாத்தா தாராளமாத்தான் இருக்கும்.
பழம் என்ன சராசரியாவா பழுக்குது?"

எனக்குச் சொன்னதல்ல, மேனேஜருக்குச் சொன்னது.
என்னைப் பார்த்ததும் கேட்டாள்:
"இன்னும் வீட்ல இருந்துதான் வேலையா?
சம்பளம் ஒழுங்கா வருதா?"
வருகிறது என்றேன்.
மூன்று வருட லாரிக் கணக்கு கேட்டேன்.
பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்,
சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள்.

வரைபடமாக்கினேன்.
அச்சுகளுக்குப் பெயர் போடவில்லை.
அடுத்த கூட்டத்தில் திரையில் விரித்தேன்:
தாழ்ந்த தரை, திடீரென்று ஒரு மலை,
மலைமேல் இயந்திரக் கோளாறு,
அதன்மேல் பெருநாள் விடுமுறை.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.
மத்தியாஸின் கேமரா திரும்ப எரிந்தது.
"எந்தக் கருவியின் தரவு இது?"
எடைமேடை என்று சொல்ல வாயெடுத்தேன்.
ரொம்பின் பக்கம் ஒரு மின்னல்.
மோடம் செத்தது, விசிறி நின்றது,
பக்கத்து வீட்டில் யாரோ
தெனாகாவைத் திட்டினார்கள்.

காலையில் முடிவு மின்னஞ்சலில் இருந்தது.
நாலு நாள்.
என் ஏழும் அல்ல, அவர்கள் இரண்டும் அல்ல,
காலியாக இருந்த இன்னொரு நாற்காலி.
நல்ல நாற்காலிதான், குறை சொல்லவில்லை.

ஆலைக்குப் பின்னால் மறுநடவு தொடங்கிவிட்டது.
கிழமரங்களில் ஊசி போட்ட துளைகள்,
கீழே கறுப்புப் பைகளில் கன்றுகள்
எண் எழுதி நிற்கின்றன.
வளையம் ஓடும் வருடத்தில்
இவை உச்ச விளைச்சலில் இருக்கும்.
ராம்பைப் பெரிதாக்கும் திட்டம் உண்டா என்றேன்.
"அடுத்த பட்ஜெட்டுல" என்றாள் புஷ்பவள்ளி,
சிரிக்காமல்.

எலி வரிசையை மட்டும் நீக்கிவிட்டார்கள்.
ஆறு மாதத்தில் மறுஆய்வு வரும்.
"உயிரியல் இடர்" என்று பெயர் மாற்றி
இன்னும் கொஞ்சம் தொகை கூட்டிச்
சேர்ப்பதாக இருக்கிறேன்.